அக்காவுக்குப் போட்ட கிளிப்

பள்ளிக்கரணை
3.2.2024

அன்புத் தங்கை ஜாஸ்மினுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஜாஸ். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்பார். "நாப்பத்திரண்டு வயசுல பல்லுக்குக் கிளிப் கேக்குதா உனக்கு?" என்று மறுபடி தொடங்குவார். அதனால்தான் கடிதம்.

ஆகஸ்டில் நீ கிளிப் போட்டுவிட்டாய். முன்பல் சந்து பாதி மூடிவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு முன்பல் நாக்கு பட்டாலே ஆடுகிறது. மற்றதைவிட நீளமாகவும் தெரிகிறது. காலையில் தலையணை உறையில் ரத்தக்கறை. தேய்த்தால் ரத்தம் வருகிறதே என்று ஈறுப் பக்கம் பிரஷையே கொண்டுபோவதில்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு சரி. வகுப்பில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் முன்னால் விழுந்துவிட்டால்?

போன மாதம் வந்தபோது உன் கிளினிக்கில் ஒரே கூட்டம். பல்லை இழுக்கிற ரப்பரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை. பதில் போடு.

உன் அக்கா,
ரத்தினபாய்

மேற்குத் தாம்பரம்
7.2.2024

அருமை அக்கா,

பல்லி மேலே விழுந்ததற்கே சர்ச்சுக்கு ஓடியவள்தானே நீ! கிளிப் போட்டால் பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். தள்ளுகிற பக்கம் எலும்பு கரையும், விட்டுவந்த பக்கம் புதிதாக வளரும். அப்படித்தான் பல் நகர்கிறது. ஈறையும் சேர்த்துத் தேய். இருபதாம் தேதி வா, ரப்பரை இன்னும் இறுக்குகிறேன். ஈஸ்டருக்குப் பாட்டுக் குழுவில் நீ வாய் நிறையச் சிரிக்கலாம். அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் செல்லத் தங்கை,
ஜாஸ்மின்

பள்ளிக்கரணை
16.2.2024

ஜாஸ்மின்,

இருபதாம் தேதிவரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஈறை அழுத்தினால் சீழ் வந்தது. மேடவாக்கத்தில் ஈறு வைத்தியம் மட்டும் பார்க்கிற பல் டாக்டர், ஒரு பெரியவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்.

"வேரைப் பிடிச்சிருக்கிற எலும்பு பாதிக்கு மேல இல்லம்மா. கிளிப் போடறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுக்கலையா? யாரு போட்டது?"

உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் போட்டது என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்டில் கிளிப் போட்ட அன்றைக்கு ஞாயிறு ஆராதனை முடிந்து, உன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பூட்டியிருந்த கிளினிக்கை எனக்காகத் திறந்தாய். எனக்கென்று ஒரு நோயாளிக் கார்டுகூட எழுதவில்லை. "நம்ம வூட்டுப் பல்லு எனக்குத் தெரியாதா, எக்ஸ்ரே எதுக்கு?" என்று கேலியாகச் சொன்னாய். நானும் சிரித்தேன். இப்போது நான்கு பற்கள் ஆடுகின்றன. இரண்டு நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறேன். கடிக்கவே பயம். எனக்கு என்ன ஆகும்? சமாதானம் சொல்லாதே, உண்மையைச் சொல்.

ரத்தினபாய்

மேற்குத் தாம்பரம்
18.2.2024

அக்கா,

உண்மையைக் கேட்டாய், எழுதுகிறேன்.

அந்தச் சந்து உனக்குச் சின்ன வயதில் கிடையாது. இரண்டு வருஷமாகத்தான் இருக்கிறது. நாற்பது வயதில் பல் ஏன் தானாக விலகுகிறது என்று வெளியாள் யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஈறு நோயில் எலும்பு குறைந்துதான் விலகியிருக்கிறது. உன்னிடம் கேட்கவில்லை. ஈறு ஆரோக்கியமாக இருந்தால், கரைந்த எலும்பு திரும்ப வளரும். சீழ் வைத்த ஈறில் பல்லை இழுத்தால் கரைவது மட்டும்தான் நடக்கும். நோய் எலும்பை அரித்தது, நான் போட்ட ரப்பர் அதை வேகப்படுத்தியது. முதல் கடிதத்திலேயே நீ எல்லாம் எழுதியிருந்தாய். நான் இறுக்குகிறேன் என்று பதில் போட்டேன். பாவி நான்.

கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பெரியவரிடம் போய்க் கம்பியைக் கழற்றச் சொல். முதலில் ஈறைச் சுத்தம் செய்து நோயை அடக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகுதான் கிளிப்பைப் பற்றிப் பேச்சே. ஒரு பல்லாவது போகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை இருந்தாலும் ஈறு இப்படிக் கெடும், அதையும் பரிசோதித்துக்கொள். என் பெயரைச் சொல்லிவிடு. நான் வரட்டுமா? வராதே என்றாலும் சொல்லிவிடு.

ஜாஸ்மின்

பள்ளிக்கரணை
27.2.2024

அன்புள்ள ஜாஸ்,

கம்பியைக் கழற்றியாயிற்று. முதலில் ஆடிய அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, வியாழக்கிழமை எடுத்துவிட்டார். மற்ற மூன்றையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். ஈறு ஆறினால் நிற்கலாம் என்கிறார். உன் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அத்தானுக்கும் தெரியும். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் உன்னை விட்டால் எனக்கு யார்? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. எல்லாம் குழைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும். எட்டு மாதம் கழித்துத்தான் கிளிப்பைப் பற்றி யோசிக்கலாமாம். அப்போது பெரியவர் சரி என்றாலும், கிளிப் போட உன் கிளினிக்குக்கு வர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வாயைத் திறந்து காட்டு என்று கேட்காதே, ஜாஸ். என்னால் முடியாது.

உன் அக்கா,
ரத்தினபாய்