உன் அப்பா சொன்ன ஆமா

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் நலத்தைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். முதலில் பெருமையைக் கேள். உன் அக்காவின் பெரியவன் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கி, இனிமேல் அதில்தான் தண்ணீர் குடிப்பேன் என்கிறான். கடைக்குட்டி வாயாடி பேச்சுப் போட்டியில் மணி அடித்த பிறகும் பேசியதால் இரண்டாம் பரிசு, வாயை மூடியிருந்தால் முதல் பரிசு. எல்லாம் என் ரத்தம் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆமாம்மா, அஞ்சாவதோட நீ மிச்சம் வச்ச படிப்பைத்தான் பங்கு போட்டுப் படிக்குதுங்க என்கிறாள் உன் அக்கா.

அவள்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகிறதல்லவா, அன்றிலிருந்து அவர் வாயில் மிஞ்சியது ஆமா என்ற ஒரே சொல்தான். நான் அழகியா என்று கேட்டேன், ஆமா என்றார், நாற்பது வருஷத்தில் கிடைக்காத பதில். அதில் மயங்கித்தான் என் புத்தி கெட்டது. நீ போனில் வரும்போதெல்லாம் சாப்பிட்டீங்கதானே, நல்லாத்தானே இருக்கீங்க என்று ஆமா பொருந்துகிற கேள்வியாகப் பொறுக்கிக் கேட்டேன், நீயும் அப்பா பேசுறாரே என்று பூரித்துப் போனாய். போன மாதம் ஊருக்கு வர்ற லீவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளட்டுமாப்பா என்று நீ கேட்டதற்கும் அதே ஆமாதான் வந்தது, நீயும் தள்ளிவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இந்தக் கிழவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவுக்கு இது தெரிந்ததும் நீ எழுதுறியா, நான் சொல்லட்டுமா என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

உன்னை மட்டுமா ஏமாற்றினேன், என்னையுந்தான். இந்தத் தேதியில் வாசல் வரை நடப்பார் என்று காலண்டரில் வட்டம் போட்டேன், பக்கத்து வீட்டுத் தையல்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார், உன் அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. இப்படி ஐந்து வட்டம். கல்யாணத்துக்கே ஒரு நாள்தானே குறிப்பார்கள். பயிற்சி கொடுக்க வரும் பெண் அதைப் பார்த்து, நடப்பாருன்னும் சொல்லாதீங்க, மாட்டாருன்னும் சொல்லாதீங்க, இன்னைக்கு என்ன செஞ்சார்னு மட்டும் எழுதுங்கம்மா என்றாள். அப்படியே எழுதுகிறேன். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார், பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. பிடித்துக்கொண்டால் ஒரு நிமிஷம் நிற்கிறார். வலது கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை உன் மகளின் ஆறு மாதப் படத்தைக் காட்டி, நம்ம பேத்திதானே என்று வழக்கம்போல் கேட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, இல்ல என்றார். இரண்டாவது சொல்! பேத்தியே இல்லை என்கிறாரே என்று அழுவதா, புதுச் சொல் வந்ததே என்று சிரிப்பதா, இரண்டையும் சேர்த்தே செய்தேன். காப்பி சூடா இருக்கா என்றால் ஆமா, சர்க்கரை இருக்கா என்றால் இல்ல. குடித்துப் பார்த்தேன், நிஜமாகவே போட மறந்திருந்தேன். நான் அழகியா என்று மட்டும் திரும்பக் கேட்கவில்லை. நடப்பீங்களா என்றும் கேட்கவில்லை, எது வந்தாலும் நான் நம்பித் தொலைப்பேன். புள்ள அடுத்த வருஷம் வந்தா போதுமா என்று கேட்டேன். இல்ல. மறுநாள் கேட்டேன், அப்போதும் இல்ல. இது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. உன் வேலையின் நெருக்கடி உனக்குத்தான் தெரியும், ஆனால் எந்த முடிவையும் என் ஆமாவை வைத்து எடுக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல். மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அந்தப் படத்தில் பல் முளைக்காதவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், உன் அப்பா சொன்னதில் தப்பில்லை. அவள் இன்றைக்கு எப்படி இருக்கிறாளோ அப்படியே ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. காட்டிக் கேட்கிறேன். ஆமாவோ இல்லையோ, அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அஞ்சாவது தேறிய,
உன் அம்மா