புளி போட்டுத் துலக்கிய முனைகள்

ஈப்போ
9-12-1926

அன்பு மகள் பாப்பாவுக்கு,

சென்னையில் நீயும் உன் விடுதித் தோழிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கொட்டகைக்குப் போய் மோட்டார் வண்டியின் மூடியைத் திறந்து, விளக்குக் கம்பிகள் வந்து சேரும் பித்தளை முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி நம் டிரைவர் சன்னாசி அப்பாவைக் கோப்பெங்கிலிருந்து அழைத்து வந்தான், நல்ல மழை, இருட்டிக்கொண்டு வரும் நேரம், இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்துவிட்டன. ரோட்டோரமாக ரப்பர் தோட்டத்து லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த இருளாயி என்ற பால்மரத் தொழிலாளி மேல் வண்டி ஏறிவிட்டது. அப்பாவுக்குக் கீறல்கூட இல்லை. அவளுடைய கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, இப்போது கறுத்துக்கொண்டு வருகிறது, ஜுரமும் இறங்கவில்லை, அவள் போய்விட்டால் கேஸ் வேறுமாதிரி ஆகிவிடும் என்கிறார் வக்கீல். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், என்னை நர்ஸ் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டாள். விளக்குக் கம்பியைச் சோதிக்காமல் ஓட்டினான் என்று சன்னாசியை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை விசாரணை.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு, புளியும் உப்பும் எடுத்துப் போய் மோட்டாரிலிருந்த பித்தளையையும் துலக்கினேன், திருகுகளைக் கழற்றிக் கம்பி நுழையும் இடம்வரை தேய்த்தேன். அதுல கை வெக்காதீங்கம்மா, ரசம் வெக்கிற சாமானா இது, கரண்டு போற எடம்லா என்றான் சன்னாசி. நான் காலேஜில் பிசிக்ஸ் படித்தவளப்பா, நீ போய் டயரைக் கழுவு என்றேன். சரி, வண்டி புளிச்ச ஏப்பம் விட்டா என்னைக் கேக்காதீங்க என்று சிரித்துக்கொண்டே போனான். கம்பிக்குள் தண்ணீர் போகக் கூடாதென்று நான் அலம்பவும் இல்லை, வெறும் துணியால் துடைத்துவிட்டுப் பொட்டு வைத்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. இன்று பார்த்தால், அலம்பாமல் விட்ட புளியும் உப்பும் அரித்து, நான் தேய்த்த ஐந்து முனைகளும் பச்சை பூத்துக் கிடக்கின்றன, உள்ளே இருக்கும் செப்பு இழைகள் விரல் பட்டதும் உதிர்கின்றன. அடியில் என் கை எட்டாமல் விட்ட இரண்டு முனைகள் மட்டும் அழுக்காக, உறுதியாக இருக்கின்றன.

அப்பாவிடம் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார். உன்னை யார் கேட்டார்கள், ரோடு காண்டிராக்ட் கையெழுத்தாகும் நேரம், சன்னாசி சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வரட்டும், அவன் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக் காலை சீன மெக்கானிக் வந்து எல்லாக் கம்பியையும் மாற்றிவிடுவான், பழசை எரித்துவிடச் சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் வெளியே போனதும் சன்னாசியின் பெண்சாதி நல்லம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள், சோறு கொடுத்தேன், வாங்கவில்லை. கம்பியப் பாக்காதது என் தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டாராம்மா, வீட்டுப் பேரு வெளிய வராதுன்னு அம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ மழையில் நனையாதே, பரீட்சை என்று கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இதைப் பற்றி அதில் ஒன்றும் கேட்காதே. மருத்துவம் படிக்கிறாய், உன் கை பட்ட இடத்தில் வலி தணிய வேண்டும், அதுதான் உனக்கு என் ஆசீர்வாதம். மெக்கானிக் வருவதற்கு முன்னால் அந்த ஏழு முனைகளையும் கழற்றி எடுத்துவிடப் போகிறேன், கெட்ட ஐந்தையும் நல்ல இரண்டையும். திங்கட்கிழமை நானே கோர்ட்டுக்குப் போய் அவற்றை மாஜிஸ்திரேட் மேஜையில் வைத்து, துலக்கியது நான், டிரைவர் தடுத்தான் என்று சொல்லப் போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, கப்பல் தபால் உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன்.

உன் அம்மா,
கமலாம்பிகை