கிணற்றடித் தேயிலை

அக்கா,

இன்று காலை பழைய சணல் சாக்கைக் கிணற்றடியில் நனைத்துப் பிழிந்தேன். அந்த ஈரச் சாக்கு மணம் மூக்கில் ஏறியதும் உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

அத்தான் இறந்த பிறகு நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். நான் கொண்டுவந்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கும். எங்கள் ஜெயபுரத்துச் சனமெல்லாம் வந்து ஆறுதல் சொல்லிப் பார்த்தது, ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு மலையகத்திலிருந்து வந்த உங்கள் தம்பி, ஏதோ நினைப்பில் ஒரு தேயிலைக் கன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் என் வளவிலிருந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், நீங்கள் தென்னங்கிடுகால் நிழல் கட்டி, ஈரச் சாக்கைச் சுற்றி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"அக்கா, இந்த வெயிலுக்குத் தேயிலை நிக்குமே?"

"நிக்காதுதான் புள்ள. வச்சுப் பாப்பம்."

நெல்லும் உழுந்தும் மட்டும் தெரிந்த எனக்கு அது விசர் வேலையாகத்தான் பட்டது. வெயில் காலத்து வறண்ட சோளகக் காற்றில் அந்தக் கன்று கருகியபோது, மறுபடி படுத்துவிடுவீர்களோ என்று உண்மையாகவே பயந்தேன். நீங்களோ, "இடம்தான் பிழை, கிணத்தடியில வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கன்றுக்கு மலைக்கே பஸ் ஏறிவிட்டீர்கள்.

அது முழங்கால் உயரம் வந்தது. ஒருநாள் கொழுந்து கிள்ளி, உங்கள் குசினியில் வறுத்துக் கொதிக்கவைத்துக் குடித்தோமே, வேப்பிலைக் கசாயம் தோற்றுப்போகும். சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

"பின்ன ஏன் அக்கா இதோட மாரடிக்கிறியள்?"

"விடிஞ்சா அது தண்ணிக்குப் பாத்துக்கிட்டு இருக்குமே."

அந்தப் பதிலை இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இத்தனை சனம் வந்து எழுப்ப முடியாத ஒரு மனுசியை, வாயில் வைக்க முடியாத தேயிலை எப்படி எழுப்பியது? எங்களுக்கு வேண்டியது பயனுள்ள ஒரு வேலையா, அல்லது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றா? எனக்கு விளங்கவில்லை.

நீங்களும் அத்தானிடமே போய்ச் சேர்ந்த பிறகு நான்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். நானோ காலையில் கோப்பி மட்டும் குடிக்கிறவள். எவ்வளவு பார்த்தும் இந்தச் சோளகத்தில் அது பட்டுப்போயிற்று. அடுத்த நாள் விடிந்தும் எழும்ப மனமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதுதான் உங்கள் நினைவு வந்து திடுக்கிட்டு எழும்பினேன். உடனே உங்கள் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"ஒரு தேயிலைக் கண்டு அனுப்புவியளோ?"

"அங்கதான் நிக்காதே. உங்களுக்கு எதுக்குங்க?"

"ஓம், நிக்காதுதான். வச்சுப் பாப்பம்."

கன்று நாளைக்குத்தான் பஸ்ஸில் வருகிறது அக்கா. சாக்கை இன்றைக்கே நனைத்துவிட்டேன்.