எண்பத்து மூன்று சதவீதத் தொட்டி

பிப்ரவரி 9

இன்று காலை பத்தேகால் மணிக்கு, நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, எங்கள் விளம்பரப் படத்துக்குத் துருப்பிடித்த தொட்டி என்று ஒருமனதாக முடிவாயிற்று. பிளாஸ்டிக் தொட்டி நிராகரிக்கப்பட்டது. எங்கள் நிறுவனத்தின் வரலாற்றை யாராவது எழுத நேர்ந்தால் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் இருந்தது. எங்கள் கருவியும் அதில்தான் மாட்டியிருந்தது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. அடிலெய்டுக்கு வடக்கே ஒரோரூ என்ற சிற்றூருக்குப் போகும் சாலையில், வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற தகரத் தொட்டியில் மாலை வெயில் விழுந்தபோது டூகல் சொன்னான்: "இதைப் பாத்தா எனக்கே பணம் போடணும்போல இருக்கு." கருவியைச் செய்தவன் அவன். அதற்காக ஊரெல்லாம் பணம் கேட்பவள் நான். பண்ணைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது போனுக்குச் சொல்லும். அவ்வளவுதான். அதை மூன்று நிமிடப் படமாக எடுக்க வேண்டியிருக்கிறது.

படத்தில் தெரியும் போன் திரைக்கு ஓர் எண் வேண்டும். நூறு என்றால் நம்பமாட்டார்கள். எண்பது என்றால் குத்துமதிப்பாகச் சொன்னதுபோல் இருக்கும். எண்பத்து மூன்று என்று தீர்மானித்தோம். படம் எடுத்த பெண் அதைக் கணினியில் சேர்த்துக் கொடுத்தாள். அடியில் "ஒரோரூ பண்ணை ஒன்றில் நேரடிப் பதிவு" என்று வாசகம். அதை எழுதியது நான்.

மார்ச் 1

பொதுமக்களிடம் பணம் திரட்டும் பக்கம் இன்று திறந்தது. மார்ச் 31 மாலை ஐந்து மணிக்குள் மூன்று லட்சம் டாலர் சேர வேண்டும். ஒரு டாலர் குறைந்தாலும் எல்லாம் போட்டவர்களுக்கே திரும்பிவிடும். விதி.

முதல் நாளே காலியாகத் தெரிந்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதால் வேண்டியவர்களிடம் முன்பே சொல்லி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். என் அக்கா பிலிப்பா காலையிலேயே பத்தாயிரம் போட்டாள். ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு அது. என் பல் மருத்துவர் ஐந்நூறு. ஒன்பது மணிக்கு 11 சதவீதம்.

நீர்வளத் துறையில் பதினோரு வருடம் பார்த்த வேலையை விட்டாயிற்று. அடிலெய்டு பிராஸ்பெக்டில் இருந்த வீட்டை விற்ற பணம் போன வருடமே கருவிக்குள் போய்விட்டது. வயது நாற்பத்து நான்கு.

மார்ச் 3

சிட்னியிலிருந்து ஹேமிஷ் பேசினார். துணிகர முதலீட்டு நிறுவனம். நான்கு மாதமாக எங்களுக்குப் பணம் தரப்போகிறார்.

"நாங்க ரொம்ப ரொம்ப நெருக்கத்துல இருக்கோம் ரொவீனா. ஜனங்க மூணு லட்சம் போட்டுட்டாங்கன்னா, அதுக்கு ரெண்டு மடங்கு நாங்க போடுவோம்."

ஜனங்கள் எங்கள் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி: பெரிய ஆள் யாராவது போட்டிருக்கிறார்களா?

மார்ச் 10

96 சதவீதம். இப்போது புது பயம். கிடைத்துவிட்டால்? முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் பாதிப்பேரை ஏதாவது ஒரு கடையில் சந்தித்தே ஆக வேண்டும். சூப்பர்மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கவில்லை.

மார்ச் 13

குதிரைப் பந்தயத்துக்காக மாநிலமே விடுமுறை. எல்லோரும் வீட்டில். எல்லோரும் படம் பார்க்கிறார்கள்.

கேள்வி–பதில் பகுதியில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இப்படி ஒன்று:

"என் பேர் மெர்வ் கிளைனிக். ஒரோரூவுல ஆடு வளக்கிறேன். உங்க கம்பெனியில ரெண்டாயிரம் போட்டிருக்கேன். படத்துல இருக்கிறது என் தொட்டி. 2009லேர்ந்து அதுல தண்ணி கெடையாது. உங்க மெஷின் 83 சதவீதம்னு சொல்லுது. எதுல 83 சதவீதம்?"

நாற்பத்தொரு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

என்ன செய்வது? பொய்த் தகவல் தந்து பணம் திரட்டுவது— அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

ஹேமிஷிடமிருந்து செய்தி: "கேள்வி–பதில் பகுதி செம சுறுசுறுப்பு! அருமை!"

மார்ச் 14

டூகலிடம் திட்டம் இருக்கிறது.

"தொட்டியை ரொப்பிடுவோம். எண்பத்து மூணு வரைக்கும். ரொப்பிட்டா அது பொய் இல்லியே?"

"ஒரு மாசம் முன்னாடி எடுத்த படம்டா."

"அப்ப அது முன்கூட்டியே சொன்னது."

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. மெர்வுக்குப் போன் செய்தேன். அதுதான் என் நிலைமை.

"வாங்க, தாராளமா வாங்க" என்றார். "தண்ணிய மட்டும் நீங்களே கொண்டாந்துருங்க."

மார்ச் 15

வாடகைத் தண்ணீர் டேங்கரோடு மூன்றரை மணி நேரப் பயணம். மெர்வ் தன் வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த சாஸேஜ் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாய்.

டூகல் நிஜக் கருவியை மாட்டினான். தண்ணீரைத் திறந்தோம். 4. 9. 15. 22. என் வாழ்நாளில் எந்த எண்ணையும் இப்படி நேசித்ததில்லை. 31-இல் டேங்கர் காலி. அப்புறம் 29. 24. 17.

தொட்டிக்குப் பின்பக்கம் ஒரு சிறு ஏரி உருவாகிக்கொண்டிருந்தது. நாய் அதில் இறங்கிப் படுத்தது.

"ஓட்டைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என் தொட்டி. எனக்குத் தெரியாம?"

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா. படம் எடுக்கிறப்பயும் கேக்கல, தண்ணி கொண்டாரப்பயும் கேக்கல."

நாற்பது நிமிடத்தில் பூஜ்யம். மெர்வ் இறங்கி வந்து என் போனை வாங்கி, தண்ணீர் ஏறி இறங்கியதைத் திரையில் காட்டிய வரைகோட்டைக் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஒரு சொட்டு விடாம சொல்லுது. உங்க ரெண்டு பேரையும்தான் நம்ப முடியல."

மார்ச் 16

திருத்தம் வெளியிட்டேன். எண் போலி, வாசகம் பொய், இரண்டும் என் பொறுப்பு. இதோ உண்மையான பதிவு என்று நேற்றைய வரைகோட்டையும் சேர்த்தேன். வழக்கறிஞர் மூன்று முறை படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். திருத்தம் வந்தால், பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் அதைத் திரும்ப எடுக்கப் பதினான்கு நாள் உண்டு. மார்ச் 30 வரை.

மார்ச் 17

91 சதவீதம்.

மார்ச் 20

74. பல் மருத்துவரும் பணத்தை எடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை எனக்கு அவரிடம் பல் சுத்தம்.

ஹேமிஷ்: "உங்க நேர்மை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னும் நெருங்கிட்டோம்."

இந்த மனிதர் ஒரு நாள் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, நெருங்கிக்கொண்டிருக்கிறேன் என்பார்.

மார்ச் 23

பட்டியலைப் பார்த்தேன். எடுத்தவர்கள் எல்லோரும் அடிலெய்டுக்காரர்கள். ஒரோரூவிலிருந்து ஒருவர்கூட எடுக்கவில்லை. மெர்வைக் கேட்டேன்.

"எடுத்தா அடுத்த பங்குதாரர் கூட்டத்துல உங்கிட்ட கேள்வி கேக்க முடியாதே" என்றார்.

மார்ச் 28

89. ஒரோரூ கால்பந்து கிளப்பில் மெர்வ் அந்த வரைகோட்டைத் திரையில் போட்டுக் காட்டினாராம். நாய் படுத்த கதை வரும்போது கூட்டம் சிரித்ததாம். சிரித்துவிட்டுப் பணம் போட்டிருக்கிறார்கள். இவர்கள் என்ன மனிதர்கள்? கணக்குப் போட்டேன், அழித்தேன், போட்டேன். நடக்கலாம். நடக்கலாம் என்பதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 30

காலையில் 99.2. டூகல் ஷாம்பெய்ன் வாங்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, அதை வண்டியிலேயே வைத்துவிட்டான்.

மாலையில் பிலிப்பா பேசினாள்.

"கோவிச்சுக்காத. என் பத்தாயிரத்த நான் எடுத்துட்டேன்."

"அக்கா."

"தப்பாச் சொல்லிட்டோம்னு நீதானே எழுதியிருக்க, வக்கீல வெச்சு. இன்னிக்குத்தான் கடைசி நாள்னு போட்டிருந்துது. உனக்காகத்தான் எடுத்தேன் ரொவீனா. நாளைக்கு நீ ஒண்ணுமில்லாம வந்து நின்னா, குடும்பத்துல யாராவது ஒருத்தர் கையில பணம் இருக்க வேணாமா?"

அவளும் பயந்திருக்கிறாள். பயந்தால் எனக்கு வரும் அதே குரலில் பேசுகிறாள்.

மார்ச் 31

மாலை ஐந்து மணி. 97.1 சதவீதம். 8,700 டாலர் குறைவு.

ஹேமிஷ்: "என்னிக்கும் தொடர்புல இருப்போம்."

ஏப்ரல் 19

பிலிப்பா வீட்டுப் பின்னறை. பெட்டிகள் ஆறு. ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும் என்றாள், வாங்கி வந்தாள், அவளே மாட்டினாள். டூகலுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டது.

மெர்வின் தொட்டியிலிருந்து கருவியைக் கழற்ற மறந்திருக்கிறோம். இன்று காலை 6.15-க்குச் செய்தி வந்தது. 0 சதவீதம்.