மேல்வரிசை நான்கு பற்கள்

கட்டுமாவடி
4-8-2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நிக்காஹ் முடியும்வரை போனில் பேசக் கூடாது என்று உங்கள் அத்தா சொல்லிவிட்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்ற தைரியத்தில் உங்கள் பல் கிளினிக் முகவரிக்கு எழுதுகிறேன்.

சனிக்கிழமை மீன் ஏலத்தில் நடந்தது கீரனூர் வரைக்கும் வந்திருக்கும். நான் கேட்ட இறால் கூடையை ஏலக்காரர் சந்தனம் வேறு ஆளுக்கு முடித்துவிட்டார். தள்ளுமுள்ளாகி ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். எழுந்து பார்த்தால் சந்தனத்தின் கையில் யாரோ நன்றாகக் கடித்து வைத்திருக்கிறார்கள். "ரிஃபாய்தான்யா கடிச்சான், அவந்தான் எம்மேல கெடந்தான்" என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அல்லாஹ்மேல் ஆணையாக நான் கடிக்கவில்லை.

"கடிக்கிற மாப்பிள்ளை எம்மகளுக்கு வேணாம்ங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள தீத்துட்டு வாங்க" என்று உங்கள் அத்தா என் உம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கடித்தடம் பார்க்கிற படிப்பும் படித்தவர்களாமே! சந்தனத்தின் மகன் வாட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இது ரிஃபாயின் பல் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ரிஃபாய்


கீரனூர்
6-8-2025

ரிஃபாய் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை நர்ஸ் ராஜலட்சுமி இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். "டாக்டர், மீன் வாசனை வருது, மாப்பிள வீடா?" என்று கேட்கிறாள். மானம் போகிறது.

அந்த ஒரு வரியை நான் எழுத முடியாது. கட்டிக்கொள்ளப் போகிறவள் கொடுக்கிற சர்ட்டிபிகேட்டை எந்த இன்ஸ்பெக்டர் வாங்குவார்? அதோடு கடித்தடம் என்பது ஆதார் கைரேகை மாதிரி கிடையாது. தோல் இழுபடும், வீங்கும், இரண்டே நாளில் நிறம் மாறிவிடும். தடத்தை வைத்து இன்னார்தான் கடித்தார் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இன்னார் கடித்திருக்க முடியாது என்று மட்டும் சில சமயம் சொல்லலாம்.

நீங்கள் அனுப்பிய படம் கோணலாக இருக்கிறது, பக்கத்தில் அளவுகோலும் இல்லை. ஆனாலும் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் வரிசையாகப் பதிந்திருப்பது தெரிகிறது. சந்தனத்தின் கையை அரசு ஆஸ்பத்திரியில் அளவுகோல் வைத்து நேராகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் அங்கேயே உங்கள் பல் அச்சைக் கொடுங்கள். மாவு மாதிரி ஒன்றை வாயில் வைப்பார்கள், இரண்டு நிமிடம் கடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

இர்ஃபானா


கட்டுமாவடி
8-8-2025

இர்ஃபானாவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். அச்செல்லாம் எதற்கு? சந்தனத்திடம் நானே போய், கடித்தது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அவரும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார். நீங்கள் அத்தாவிடம் எப்படியாவது சொல்லிச் சமாளியுங்கள்.

ரிஃபாய்


கீரனூர்
9-8-2025

ரிஃபாய் அவர்களுக்கு,

நல்லா இருக்கு உங்கள் நியாயம்! திங்கட்கிழமை அல்லாஹ்மேல் ஆணையிட்டீர்கள், வெள்ளிக்கிழமை நான்தான் கடித்தேன் என்கிறீர்கள். இதில் எதை நான் அத்தாவிடம் சொல்ல?

நேற்று சாப்பிடும்போது அத்தா, "ஒனக்கு அந்தப் பையன் மேல நம்பிக்கை இருக்காத்தா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது.

கடித்திருந்தால் கடித்தேன் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அச்சைக் கொடுங்கள். எதையோ மறைக்கிற மனிதரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன்? புதன்கிழமைக்குள் உண்மை வரவில்லையென்றால், அத்தா சொல்வதற்கு முன்னால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இர்ஃபானா


கட்டுமாவடி
12-8-2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் படகில் இழுவைக் கயிறு அறுந்து முகத்தில் அடித்தது. அன்றோடு அவை போயின. அன்றிலிருந்து பல் செட்தான். உம்மாவைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது செட்டோடுதான் வந்தேன். பெண் பல் டாக்டர் என்று தெரிந்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் செட் விரிசல் விட்டுவிட்டது. அறந்தாங்கியில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அன்று ஏலத்தில் வாயே திறக்காமல் விரலைக் காட்டித்தான் கேட்டேன். சந்தனம் விரலைக் கவனிக்கவில்லை. சண்டையே அதில்தான் வந்தது. ஓட்டைவாயன் என்று நீங்கள் நினைப்பதைவிட, கடிக்காரன் என்று ஊர் சொல்வது தேவலை என்று இருந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அச்சைக் கொடுத்தேன். புகார் கொடுத்த அன்றே அங்கே எடுத்திருந்த சந்தனத்தின் கைப்படத்தோடு ஒத்துப் பார்த்து, இந்த வாயால் அந்தத் தடம் விழாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். "செட்டை மாட்டிக்கிட்டுக் கடிச்சிருக்கலாம்ல?" என்று இன்ஸ்பெக்டர் மடக்கினார். அன்று செட் ரிப்பேரில்தான் இருந்தது என்று அறந்தாங்கி பல் கிளினிக் ரிஜிஸ்டர் காட்டியது. சந்தனம் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து சிரித்தார். அதைப் பார்த்து, கூட வந்திருந்த அவர் மச்சினன் இன்னாசி, "நாந்தான் மாமா, ஆளு மாறிக் கடிச்சுட்டேன்" என்று ஒத்துக்கொண்டார். வழக்கு முடிந்தது.

இப்போது கட்டுமாவடி முழுக்க என் வாயைத்தான் பேசுகிறது. அது பரவாயில்லை. உங்கள் பதிலுக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன். வேண்டாம் என்றாலும் குறை சொல்ல மாட்டேன்.

ரிஃபாய்


கீரனூர்
13-8-2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்குப் பல் இல்லை என்பது பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். நீங்கள் தலையே நிமிரவில்லை. ஒரே ஒரு தடவை சிரித்தீர்கள், ஓரத்தில் செட்டின் கம்பி மினுங்கியது. நிறமும் பொருந்தவில்லை. எந்தப் புண்ணியவான் செய்து கொடுத்தாரோ! அன்று இரவே அத்தாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஏன் கேட்டேன் என்கிறீர்களா? செட்டை மாட்டிக்கொண்டு கடித்தாலும் தடம் விழும். நீங்கள் கடித்தீர்களா இல்லையா என்பது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மச்சான், நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு உங்களை நேரில் பார்த்துத் திட்ட வேண்டும்.

அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் தோள் குலுங்கியது. "கடிக்கப் பல்லே இல்லாத பையனப் போயா நான் அப்படிச் சொன்னேன்" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருகிறோம். நானும் வருகிறேன், அத்தாவிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிவிட்டேன். ஊரே பார்க்கட்டும், செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நில்லுங்கள். எங்கள் கார் வரும்போது நன்றாக வாயைத் திறந்து சிரிக்க வேண்டும்.

உங்கள்
இர்ஃபானா