பாதி அருவி எங்கே போகிறது

கிரேஃபோர்க் மாநிலப் பூங்கா, மின்னசோட்டா
ஜூன் 5, 1989

அன்புள்ள டெல்மர்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வண்டிவீட்டைக் கூடாரம் போட வருகிறவர்களின் முகாம் வாசலிலேயே நிறுத்தியாகிவிட்டது. விறகுக் கட்டு விற்க வேண்டும், அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ள வேண்டும், சத்தம் போடுகிறவர்களை அதட்ட வேண்டும். கூலி கிடையாது, தங்க இடம் இலவசம். கல்யாணமானதிலிருந்து நம் வீட்டில் பார்த்த அதே உத்தியோகம்தான். இங்கே நன்றி சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அருவியை நீ பார்க்க வேண்டும். ஆறு ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி ஒழுங்காகக் கீழே விழுந்து ஏரிக்குப் போகிறது. மறு பாதி ஒரு பாறைக் குழிக்குள் விழுகிறது, அப்புறம் ஆளையே காணோம். எங்கே வெளியே வருகிறதென்று யாருக்கும் தெரியாதாம். ஒரு நடை வந்து பாரேன்.

உன்
ஆர்லிஸ்

ஜூன் 14

ஆர்லிஸ்,

தண்ணீர் காணாமல் போகாது. ஊரெல்லாம் கிணறு தோண்டியவனிடமா இந்தக் கதை? குழி எவ்வளவு அகலம்? பாறை கறுப்பா, சாம்பலா? கீழே எங்காவது கரையோரம் தண்ணீர் கொப்புளிக்கிறதா? சிவப்புச் சாயம் பூசிய தூண்டில் மிதவைகளை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். குழியில் போட்டுப் பார்த்து எழுது. நாய் சௌக்கியம்.

டெல்மர்

ஜூலை 2

அன்புள்ள டெல்மர்,

அந்தக் குழியில் எதையும் எறியாதீர்கள் என்று அதட்டுவதுதான் என் வேலையே. இருந்தும் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் போட்டேன். பூங்காவின் காவலதிகாரி நோரா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

“ஆர்லிஸ், நீங்களேவா!”

“என் வீட்டுக்காரர் போட்டுப் பாக்கச் சொன்னாரு.”

“எதாவது வெளிய வந்துச்சா?”

“ஒண்ணுகூட வரல.”

“சரி, இன்னொண்ணு போடுங்க. நான் கீழ நின்னு பாக்கறேன்.”

அதுவும் வரவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வருஷம் முழுக்க இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள் நோரா. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தினத்தன்று பதில் சொல்ல வேண்டும். எனக்கு இருந்துவிடலாம் போலத்தான் இருக்கிறது. குழியின் அகலத்தைக் கேட்கிறாய், பாறையின் நிறத்தைக் கேட்கிறாய். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. அது எனக்கு வலிக்கிறது. நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்.

ஆர்லிஸ்

ஜூலை 20

ஆர்லிஸ்,

மிதவைகள் உள்ளே சுழன்று பொடியாகியிருக்கும். புத்தி கெட்டுப்போய் அனுப்பிவிட்டேன். ஆற்றில் ஓடும் தண்ணீரின் அளவை அருவிக்கு மேலேயும் கீழேயும் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு ஒரு கருவி செய்துகொண்டிருக்கிறேன். பட்டறையே கதியென்று கிடக்கிறேன். நீ கேட்டதைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன்.

டெல்மர்

ஆகஸ்ட் 21

டெல்மர்,

ஒரு மாதம் பார்த்தேன். உன் நிதானம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் போதும். தொழிலாளர் தினத்தன்று நோராவிடம் சரி என்று சொல்லிவிடுவேன்.

ஆர்லிஸ்

ஆகஸ்ட் 27

அன்புள்ள ஆர்லிஸ்,

நேற்று நான் அங்கே வந்திருந்தேன். கருவியை வண்டியில் போட்டுக்கொண்டு, ஆற்றை அளந்துவிட்டு அப்படியே உன்னையும் பார்க்கலாம் என்றுதான் புறப்பட்டேன்.

படிகளில் இறங்கும்போது பார்வை மேடையில் நீ நின்றிருந்தாய். சுற்றிலும் கூட்டம். சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி, “ஏம்மா, அந்தத் தண்ணி எங்கதான் போகுது?” என்று கத்திக் கேட்டாள். நீ ஏதோ சொன்னாய். அருவி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீயும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். நம் வீட்டில் அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

கிட்டே வர எனக்குக் கூச்சமாக இருந்தது. புது ஆளிடம் போய் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? கருவியை வெளியே எடுக்காமலே திரும்பிவிட்டேன். வழிநெடுக அந்தக் குழி என் நினைவுக்கே வரவில்லை.

நோராவிடம் சரி என்று சொல். நீ திரும்பி வர வேண்டாம். நான் அங்கே வரலாமா என்பதை மட்டும் எழுது. எவ்வளவு நாளானாலும் காத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரியிடம் என்ன சொன்னாய்?

உன்
டெல்மர்