அடித்துத் திருத்திய திரவம்

திருப்பூர்
3.2.2025

அன்பு மகள் ஆஃப்ரினுக்கு அத்தாவின் சலாம்.

நூலக மலரில் வந்த உன் கட்டுரையைக் கெடுத்தது நான்தான். அச்சகத்து நல்லான் அல்ல.

ஈய அணுக்கருக்களை மோதவிட்டால் உள்ளிருப்பது உருகித் திரவம்போல் ஒன்றாக ஓடும் என்று எழுதியிருந்தாய். நூலகக் குழுவில் இருப்பதால் புரூஃப் திருத்த என்னிடம் வந்தபோது ஐந்து இடத்திலும் ‘திரவம்’ என்பதை அடித்து ‘வாயு’ என்று போட்டேன். சாயப்பட்டறையில் முப்பது வருஷம் கொதிநீரோடு நின்றவன் நான். அத்தனை சூட்டில் எது திரவமாக நிற்கும்? எழுதும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கோபமும் உண்டு. இன்னும் இருக்கிறது.

தப்பென்று நீ சொன்னதும் அச்சக முதலாளி அர்த்தநாரி என்னையும் நல்லானையும் கூப்பிட்டார். “பாய் திருத்திக் குடுத்ததத்தானுங்க அடிச்சேன்” என்றான் நல்லான். “நான் எதையும் தொடலீங்க” என்றேன். நான் திருத்திய புரூஃப் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அத்தா
இலியாஸ்

ஜெனீவா
11.2.2025

அத்தாவுக்கு சலாம்.

நீங்கள் நினைத்ததைத்தான் என் துறையின் பெரிய ஆய்வாளர்கள் பலரும் முதலில் நினைத்தார்கள். இரண்டு அணுக்கருக்கள் சற்று விலகி மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும். வாயுவாக இருந்தால் துகள்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிதறும். ஆனால் பருப்பின் அகலவாக்கில்தான் கூடுதலாக வந்தன. ஒன்றையொன்று தள்ளி, சேர்ந்து ஓடினால்தான் அப்படி வரும்.

அந்தத் தப்பில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் போனில் நல்லான் அண்ணனைத் திட்டினேனே, அத்தா. “போச்சாது உடு கண்ணு” என்று பொறுத்துக்கொண்டார். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? அது தெரியும்வரை உங்களோடு பேச எனக்கு வாய் வராது.

ஆஃப்ரின்

திருப்பூர்
20.2.2025

ஆஃப்ரின் கண்ணுக்கு,

நல்லான் குன்னத்தூரில் மாமனார் வீட்டில் இருக்கிறான். போனேன். “வாங்க பாய், டீ குடிக்கிறீங்களா?” என்றான். குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பெரிய ஆய்வாளர்களைக் காட்டி எனக்கு ஆறுதல் எழுதாதே. அவர்கள் தப்பைக் கண்டதும் மாற்றிக்கொண்டார்கள், அதை இன்னொருவன்மேல் போடவில்லை.

இனி ஆகவேண்டியது:

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் எல்லாரும் இருக்கும்போது அந்தத் தாளை மேசைமேல் வைத்துச் சொல்வது நான்.

நல்லானைத் திரும்ப அழைப்பது அர்த்தநாரி. மறுத்தால், அவனுக்காக மற்ற அச்சகங்களில் ஏறி இறங்குவது நான்.

திருத்தம் அச்சிட்டு ஒவ்வொரு மலரிலும் ஒட்டுவதும், நூலகக் குழுவிலிருந்து விலகுவதும் நான்.

உன் அம்மாவிடம் சொல்வது நான். நீ முந்திக்கொள்ளாதே.

நல்லானுக்குப் போன் செய்வது நீ. எனக்காகப் பேசாதே.

மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நல்லான். அவனை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

இலியாஸ்